அத்தான் தேர்ந்தெடுத்த பச்சைப் படகு

என் அக்காவின் கணவரைப் படகுத்துறையில் எல்லோரும் 'தட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். எனக்கு அவர் அத்தான். பாய்மரப் படகு வாங்க நினைக்கிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் அவரைக் கூப்பிடுவார்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி முட்டுக்கொடுத்து நிறுத்தியதும், உள்ளங்கை நீளமே உள்ள ஒரு சின்னச் சுத்தியலோடு வந்து சேருவார். முன்பக்கத்தில் ஆரம்பித்து ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே போவார். ஃபைபர் கெட்டியாக இருந்தால் 'டிக்' என்று சத்தம் வரும். உள்ளே ஈரம் ஏறி அடுக்கு விட்டுப்போயிருந்தால் 'தொப்' என்று வரும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே பத்துச் சத்தம் இருக்கிறது. அதைப் பிரித்துச் சொல்ல எங்கள் துறையில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

நான் அதே துறையிலுள்ள படகுப் பட்டறையில் என்ஜின் பார்க்கிறவன். முப்பது வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் படகில் குறை கண்டுபிடித்தே காலத்தை ஓட்டியவருக்குச் சொந்தமாக ஒரு துடுப்புகூடக் கிடையாது. வாலிபத்தில் பந்தயப் படகுகளில் கயிறு இழுக்கப் போயிருக்கிறார். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் மலரும். அக்கா உடைகளைத் திருத்தித் தைக்கும் கடையில் வேலை செய்தாள். பிள்ளைகள் இல்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, வீட்டை விற்றுவிட்டு ஒரு படகு வாங்கி அதிலேயே குடியிருப்பது என்று முடிவு செய்தார்கள். வருடத்தில் சில மாதம் தீவு தீவாகப் போவது, மற்ற மாதங்களில் துறையில் கட்டிக்கொண்டு இருப்பது. புதன்கிழமைகளில் நடக்கும் படகுச் சங்கப் பந்தயத்திலும் கலந்துகொள்ளலாம் என்பது அத்தானின் ஆசை. அதைக் கடைசியாகத்தான் வெளியே சொன்னார், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி.

விலைக்குத் தோதாக இரண்டு படகுகள் அகப்பட்டன. இரண்டும் எங்கள் பட்டறையிலேயே அடுத்தடுத்து நின்றன.

ஒன்று பச்சை. முப்பத்தேழு அடி, எட்டரை டன். படகைக் கவிழாமல் பிடிக்கும் அடித்தண்டான கீல் நீளமாகவும் கனமாகவும் இருந்தது, குட்டையான பாய்மரம், மேல்தளம் முழுக்கத் தேக்குப் பலகை. மற்றது வெள்ளை. ஓர் அடிதான் நீளம் குறைவு, ஆனால் எடை ஐந்தரை டன். மெல்லிய ஆழமான கீல், உயரமான பாய்மரம், பின்பக்கம் மேசை போல அகலம். பச்சையைக் கடல் தாண்டுவதற்காகக் கட்டியிருந்தார்கள். வெள்ளையைக் காலையில் பந்தயம் ஓட்டிவிட்டு மத்தியானம் குடும்பத்தோடு சாப்பிடுவதற்காகக் கட்டியிருந்தார்கள்.

அத்தான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். பயணம், பந்தயம், குடியிருப்பு என்று மூன்று தலைப்பு. ஏழு வாரம் அந்த நோட்டோடு அலைந்தார். பச்சையில் குடிதண்ணீர்த் தொட்டி வெள்ளையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. பச்சையின் அடுப்படி மூன்று பக்கமும் அடைத்தாற்போல இருக்கும். படகு எவ்வளவு சாய்ந்தாலும் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்று சமைக்கலாம். வெள்ளையில் அடுப்படி ஒரு பக்கச் சுவரோடு நீளவாக்கில் இருந்தது. கட்டி நிற்கும்போது வசதி. ஓடும்போது சாய்ந்தால் சமைக்கிறவள் எதிர்ப்பக்கத்து மெத்தையில் போய் விழவேண்டியதுதான். பச்சையின் படுக்கைகள் குறுகல், ஆனால் ஆடாமல் தூங்கலாம். வெள்ளையின் பின்னறைக் கட்டில் அகலம், ஆனால் அலையில் உருண்டுகொண்டே இருக்கலாம். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதினார்.

அக்கா ஒரே தடவை இரண்டுக்குள்ளும் இறங்கிப் பார்த்தாள். பச்சைக்குள் ஏழு படி. வெளியே வந்ததும் சொன்னாள்.

"கெணத்துக்குள்ள எறங்குன மாதிரி இருக்குங்க. ஊசியில நூல் கோக்கணும்னாகூட மேல ஏறி வரணும்."

"கடலுக்குப் போற படகுல ஜன்னல் சின்னதாத்தான் இருக்கும். அலை அடிச்சா ஒடையக் கூடாதுல்ல."

"வருஷத்துல முந்நூறு நாள் இங்க கட்டித்தானே கெடக்கப் போறோம்? எந்த அலை வந்து அடிக்கப் போவுது?"

"மிச்சம் அறுபத்தஞ்சு நாள் இருக்குல்ல. அந்த அறுபத்தஞ்சு நாளுக்குத்தான் படகு."

வெள்ளையில் நான்கே படி. நீள ஜன்னல்கள். மேசையில் வெளிச்சம் துணி விரித்த மாதிரி விழுந்திருந்தது. அக்கா அந்த மேசையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஏறி வந்துவிட்டாள்.

பிறகு இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். பச்சை, மாடு மாதிரி நிதானமாகப் போனது. காற்று ஏறினாலும் அசைந்து கொடுக்கவில்லை. சுக்கானை விட்டுவிட்டு அத்தான் தேநீர் குடித்தார். மறுநாள் வெள்ளை. பாயை இழுத்துக் கட்டியதும் அது சட்டென்று பாய்ந்தது. பச்சை மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடிய காற்றில் இது ஏழரை ஓடியது. சக்கரத்தைப் பிடித்திருந்த அத்தான் சிரித்தார். பல் தெரிய, சத்தம் வராமல், பள்ளிக்கூடம் விட்டு ஓடும் பிள்ளை மாதிரி. அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அக்காவும் பார்த்தாள். திரும்பி வரும்போது என் காதருகில் சொன்னாள்.

"இதைத்தான் வாங்கப் போறாரு பாரு. வாங்கட்டும். எனக்கும் வெளிச்சம் கெடைச்ச மாதிரி ஆச்சு."

ஆனால் அத்தானுக்குத் தன் ஆசையின் மேல் நம்பிக்கை கிடையாது. எத்தனையோ பேர் மயங்கி வாங்கி மாட்டிக்கொண்டதைப் பார்த்த மனிதர். தனக்குப் பிடித்துவிட்டது என்பதே அவருக்கு ஒரு சந்தேகக் குறி. சுத்தியலை எடுத்தார்.

இரண்டு படகின் மேல்தளமும் ரொட்டிக்குள் ஜாம் தடவிய மாதிரிதான். மேலும் கீழும் ஃபைபர், நடுவில் லேசான பொருள். வெள்ளையில் நுரை, பச்சையில் பால்சா என்கிற தக்கை மாதிரிக் கட்டை. வெள்ளையில் ஆணிகளும் வளையங்களும் முடுக்கியிருக்கும் இடங்களில் மட்டும் நுரைக்குப் பதில் கெட்டி ஃபைபர் வைத்திருப்பதாகக் கட்டினவர்களின் வரைபடம் சொன்னது. அப்படியானால் அந்த இடங்களில் சத்தம் கூர்மையாக மாறவேண்டும். அத்தான் தட்டிப் பார்த்தார். மாறவில்லை. எங்கே தட்டினாலும் ஒரே மந்தச் சத்தம்.

"கெட்டி வைக்காமலே ஆணி அடிச்சிருக்கானுங்க. கள்ள வேலை" என்றார். நோட்டில் வெள்ளையின் மேல் கோடு போட்டார்.

பச்சையில் தேக்குக்கு அடியில் முழுக்கப் பால்சாதான். எங்கும் ஒரே சத்தம் வரவேண்டும். வந்தது. தேக்கு எப்போதும் ஈரம் குடித்திருக்கும் என்பதால் ஈரம் பார்க்கும் மீட்டரை அங்கே நம்ப முடியாது. காதைத்தான் நம்பவேண்டும். இரண்டு நாள் தட்டினார். இடது உள்ளங்கையைப் பலகையில் பதித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். பிறகு நோட்டில் 'மேல்தளம் நன்று' என்று எழுதினார்.

வீட்டை விற்றார்கள். பச்சையை வாங்கினார்கள். அக்கா தையல் மெஷினை ஏழு படி இறக்கி, விளக்குப் போட்டு உட்கார்ந்தாள். குறை சொல்லவில்லை. வெள்ளையைப் பல் மருத்துவர் ஒருவர் வாங்கினார். அந்தப் பருவத்தில் புதன்கிழமைப் பந்தயங்களில் அதுதான் முதலில் வந்தது. பச்சை எப்போதும் கடைசியில், கரையில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து சேரும். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பல் தெரியாத சிரிப்பு.

குடிவந்து ஆறாவது வாரம் ஒரு மழைக்குப் பிறகு அக்காவின் படுக்கைக்கு மேல் ஒழுகியது. கயிறு சுற்றும் உருளையின் ஆணி தளர்ந்திருக்கும், கழற்றிப் பசை வைத்துப் பூட்டினால் சரியாகிவிடும் என்று என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை காலை. நான் நான்கு ஆணிகளைக் கழற்றினேன். உருளையைத் தூக்கியதும் ஓட்டைகளிலிருந்து கறுத்த தேநீர் மாதிரி தண்ணீர் வந்தது. நிற்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை ஓட்டைக்குள் விட்டுப் பக்கவாட்டில் தள்ளினேன். ஊறின ரொட்டிக்குள் போவதுபோலப் பிடிவரைக்கும் போனது.

அத்தான் அருகில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் பலகையைத் தட்டினேன். தொப். இரண்டடி தள்ளித் தட்டினேன். தொப். கைப்பிடிச் சுவர் ஓரமாக, ஃபைபர் கெட்டியாக இருக்கும் இடத்தில் தட்டினேன். டிக்.

"என்ன அத்தான் இது?" என்றேன்.

"எது?"

"கேக்கலயா?"

"ஒரே மாதிரிதான மச்சான் இருக்கு."

மறுபடி தட்டினேன். தொப், டிக். என் முகத்தைப் பார்த்து அவர் புரிந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"முன்னாலேர்ந்து தட்டிட்டு வா. மோசமா கேக்குற எடத்தையெல்லாம் சுத்திக் கோடு போடு. எனக்காகக் கொறைக்காத."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே வந்தன. கடைசியில் பாய்மரத்திலிருந்து சுக்கான்வரை ஒரே வட்டமாகிவிட்டது. நல்ல இடம் என்று ஓரத்தில் நாலு விரல் அகலம் மிஞ்சியது. பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பிகளின் அடிகூட அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது. கடலில் ஒரு பலத்த காற்று அடித்திருந்தால் மரம் சாய்ந்திருக்கும்.

அக்கா கடையிலிருந்து வந்து கரையில் நின்றபடி அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள்.

"என்ன வரைஞ்சிருக்கீங்க?"

அத்தான் திரும்பவில்லை. அவள் இன்னொரு தரம் கேட்டாள். அப்போதும் திரும்பவில்லை. நான் அவர் தோளைத் தொட்டேன்.

அன்றைக்குத்தான் எல்லாம் வெளியே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பே பறவைச் சத்தம் கேட்காமல் போனதாம். பிறகு கடிகார முள் சத்தம். ஒரு காது மருத்துவரிடம் போயிருக்கிறார். கூர்மையான சத்தங்கள் மட்டும் போய்விட்டன, திரும்ப வராது என்று அவர் எழுதிக்கொடுத்த தாளை மடித்துக் கருவிப்பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார். வெள்ளையில் அந்தக் கூர்மையான சத்தம் இருந்தே இருக்கிறது, அவருக்குத்தான் கேட்கவில்லை.

"கையால சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்" என்றார். "கைய வெச்சா அதிர்வு தெரியும். தெரியும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் அக்கா.

"சொன்னா தொழில் போயிரும்."

அக்கா சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "நான் பேசுறத காதுல போட்டுக்காம இருக்கறது புருஷங்க கொணம்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன். ரெண்டு வருஷமா மனசுக்குள்ள திட்டிட்டே இருந்திருக்கேன்."

நான் மட்டும் யோக்கியமா? பட்டறையில் அவரைக் கூப்பிட நான் கத்துவேன். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். என்ஜினை அணைத்த பிறகும் கத்திக்கொண்டிருந்தேன் என்பது பின்னால்தான் உறைத்தது.

பட்டறை முதலாளி வந்து பார்த்தார். மேல்தளம் மொத்தத்தையும் அறுத்தெடுத்துப் புதிதாகப் போடவேண்டும், அதற்குப் பதில் வேறு படகே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான்தான் விடவில்லை. "நாமளே செய்யலாம் அத்தான். ரெண்டு வருஷம் ஆகும். ஆகட்டும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அது கெடக்கட்டும். காது போன இந்த ரெண்டு வருஷத்துல நாப்பத்தோரு படகு பாத்திருக்கேன் மச்சான்."

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

நாற்பத்தொரு படகு. நாற்பத்தொரு அறிக்கை. ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையெழுத்து. அந்தப் படகுகளில் யார் யாரோ குடும்பத்தோடு கடலில் இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடவேண்டும் என்றார். ஆனால் தொலைபேசியில் அவருக்கு எதிர்முனைக் குரல் புரியாது. ஆகவே அக்கா பேசினாள். வேலை முடிந்து வந்து, மாலை வெளிச்சம் இருக்கும்போதே படகின் பின்பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். மடியில் பட்டியல். அத்தான் எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"வணக்கங்க. உங்க படகை என் வீட்டுக்காரர்தான் பாத்துச் சொன்னாரு. அவருக்கு அப்பவே காது சரியில்லை. மேல்தளத்த வேற யாராவது நல்லவங்கள வெச்சு இன்னொரு தடவ தட்டிப் பாத்துருங்க. கடல்ல இருந்தீங்கன்னா பக்கத்துத் துறைக்குப் போயிருங்க."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒருவர் வழக்குப் போடுவேன் என்றார், போடவும் செய்தார். ஒரு வயதான அம்மா மட்டும், "சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்மா" என்றாராம். திட்டு விழும்போது அக்கா அத்தானைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்பதுபோலக் கையை அசைப்பாள். அவருக்கு அவள் முகமே போதும்.

முப்பத்தொன்பது பேரிடம் பேசிவிட்டாள். அவர்களில் ஐந்து பேருடைய படகில் நிஜமாகவே கோளாறு இருந்தது. நாற்பதாவது ஆள் இறந்துபோயிருந்தார், படகாலல்ல, நோயால். நாற்பத்தோராவது, ஆசிரியர் தம்பதி. இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். வேலையை விட்டுவிட்டுப் பெரிய கடலைத் தாண்டப் புறப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் எண் வேலை செய்யவில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அவர்களும் இரண்டு படகு பார்த்துவிட்டு, எது என்று தெரியாமல் அத்தானைக் கூப்பிட்டவர்கள். அவர்தான் ஒன்றைக் கைகாட்டினார்.

துறைமுக அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தோம். வழியில் இருக்கும் தீவுத் துறைகளுக்கெல்லாம் அவர்கள் தகவல் அனுப்பினார்கள். ஒரு துறையில் மட்டும், அப்படி ஒரு படகு வந்து தண்ணீர் நிரப்பிக்கொண்டு மேற்கே போனதாகச் சொன்னார்கள். அது அக்கா முதல் அழைப்புப் பேசியதற்கு ஒன்பது நாள் முன்னால். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

படகுச் சோதனை செய்கிறவர்களின் சங்கம் அத்தானின் அனுமதியை ரத்து செய்தது. அனுமதிச் சீட்டை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவர்கள் வாடகை வீட்டுக்கு மாறியதும் நானும் அவரும் பச்சையின் தேக்குப் பலகைகளைப் பெயர்க்க ஆரம்பித்தோம். அடியில் பால்சா கறுப்புச் சேறாக இருந்தது. மண்வெட்டியால் வாரி வாளியில் போட்டோம். மூன்றாவது மாதம் அவர் நடுவேலையில் கையை எடுத்துவிட்டார். "இதக் கட்டி முடிச்சா யார் தட்டிப் பாத்து நல்லாருக்குன்னு சொல்றது?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை அன்போடுதான் பார்த்தார், ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை. மேல்தளம் இல்லாத படகை இரண்டு மழை நிரப்பியது. பட்டறையில் இடம் தேவைப்பட்டபோது இயந்திரம் கொண்டுவந்து அதைத் துண்டு துண்டாக அறுத்தார்கள். அக்கா அன்றைக்கு லீவு போடவில்லை. அத்தான் கடைசிவரை நின்று பார்த்தார்.

இப்போது ஒரு சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். கீழே இருந்து வரும் ஆவியில் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். நான் சேர்த்து வைத்திருந்ததில் அவருக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் போட்டிருந்தார். எல்லாம் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிவிட்டார். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. அங்கே யாரும் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை, அதனால் சரியாக இருக்கிறது என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். ஆசிரியர்களின் முகவரிக்கு வாரா வாரம் அனுப்பும் கடிதம். மேல்தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்துத் துறைக்குப் போங்கள். அதே வரிகள். பதினான்கு மாதமாக அனுப்புகிறாள்.

"அக்கா, இனிமே எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன். அத்தான் அங்கேயே இருந்தார். மெதுவாகக் கேட்கத் தேவையே இல்லை.

"நான் நிறுத்திட்டா அவங்க செத்துட்டாங்கன்னு அவருக்கு நான் சொன்ன மாதிரி ஆயிரும்டா" என்றாள். "அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

கடிதத்தை அனுப்பிவிட்டு எழுந்துபோய் அவர் கையிலிருந்த வெங்காயத் தட்டை வாங்கிக்கொண்டாள். போதும் என்று சைகை காட்டினாள். அவர் அளவு தெரியாமல் மூன்று பேருக்கு எட்டு வெங்காயம் உரித்து வைத்திருந்தார்.